வாத்து ஈரல்காரரின் இடம்

மாக் குவாய்-ஹோங் சாதுவான மனிதர் என்று யாராவது சொன்னால், அவருடைய மினி பஸ்ஸில் ஒரு தடவையாவது ஏறியவர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள். யாவ் மா தெய்யிலிருந்து யூன் லோங்குக்குச் சிவப்பு மினி பஸ் ஓட்டியவர் அவர். வளைவு வந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை போலும். பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அடுத்த பாலத்தில் இறங்க வேண்டும் என்று கத்துவார்கள். மாக் வாயைத் திறக்க மாட்டார். இடது கையைக் கொஞ்சம் தூக்குவார். காதில் விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

வீட்டிலும் அதே கைதான். மனைவி சௌ-லிங் குழாய் ஒழுகுகிறது என்றாலும், மகன் கனடாவிலிருந்து பேசினான் என்றாலும் கை மட்டும் மேலே போகும். “நான் என்ன உன் பஸ்லயா உக்காந்திருக்கேன்?” என்று அவள் கேட்காத வாரம் இல்லை. அதற்கும் அவர் கையைத்தான் தூக்குவார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு பலவீனம் இருந்தது. குளிர்காலம் பிறந்துவிட்டால் கால்கள் தாமாகவே கோவில் தெருப் பக்கமிருந்த மண்சட்டிச் சோற்றுக் கடைக்குப் போய்விடும். கரி அடுப்புகள் வரிசையாக எரிய, ஒவ்வொன்றின் மேலும் மூடி போட்ட ஒரு சின்னச் சட்டி. அரிசியைப் போட்டு, மேலே கறியை வைத்து, அந்தச் சட்டியிலேயே ஆக்கி அப்படியே மேசைக்குக் கொண்டுவருவார்கள். அரை மணி நேரமாவது ஆகும். அவசரக்காரர்கள் பக்கத்துக் கடைக்கு நூடுல்ஸ் சாப்பிடப் போகலாம். போக்குவரத்து விளக்கு மாறும் வரைகூடப் பொறுக்காத மாக், அங்கே மட்டும் கைகட்டி உட்கார்ந்திருப்பார். அவரோடு பஸ் ஓட்டுகிறவர்கள் இதைச் சொன்னால் நம்பியிருக்க மாட்டார்கள்.

கடையை நடத்துகிறவள் ஃபோங். அறுபதைத் தாண்டிய மனுஷி. அடுப்பைப் பார்த்துக்கொள்வது அவளுடைய தம்பி. ஃபோங்குக்கு எந்த ஆணும் “அழகா”தான், எந்தப் பெண்ணும் “அழகி”தான். தொண்ணூறு வயதுக் கிழவர் தடியூன்றி வந்தாலும், “எத்தனை பேரு அழகா?” என்பாள். வாடிக்கைக்காரர்களின் பெயர் அவளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள நேரமும் இல்லை. அவர்கள் வழக்கமாகக் கேட்கும் சட்டிதான் அவர்களின் பெயர். மாக் எப்போதும் காய்ந்த சாசேஜும் வாத்து ஈரலும் போட்ட சட்டிதான் சொல்வார் என்பதால், அந்தக் கடையில் அவர் வாத்து ஈரல்காரர்.

தனி மேசை என்ற பேச்சே அங்கே கிடையாது. எங்கே முக்காலி காலியோ அங்கே உட்கார வேண்டும். முன்பின் தெரியாதவர்கள் முழங்கை இடிக்கச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார்கள். ஊர் பேர் கேட்பதெல்லாம் நாகரிகம் இல்லை. மாக்குக்கு எதிரில் வருடக்கணக்காக உட்கார்ந்தவர் விலா எலும்புக்காரர். ஒல்லி உடம்பு, பழுப்பு நிறத்தில் பஞ்சு வைத்த கோட்டு. அவரைப் பற்றி மாக்குக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: பல் சரியில்லை. சட்டியின் அடியில் பிடித்திருக்கும் முறுகல் சோறுதான் அந்தச் சாப்பாட்டின் உயிர். அதைக் கடிக்க முடியாமல், சுரண்டி எடுத்து மாக்கின் தட்டில் வைத்துவிடுவார். மாக் அவருடைய கோப்பையில் தேநீர் ஊற்றுவார். அவர் இரண்டு விரலை மடக்கி மேசையைத் தட்டுவார், நன்றி என்று. அதற்குமேல் இருவருக்குள்ளும் பேச்சு இருந்ததில்லை. மாக்குக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

ஒரு குளிர்காலத் தொடக்கத்தில் மாக்கின் மூக்குக்குப் பின்னால் கட்டி வந்தது. அந்த ஊர் ஆண்களுக்கு அது தெரிந்த வியாதிதான், தெருவுக்கு ஒருவரையாவது சொல்லலாம். வாரக்கணக்கில் கதிர்ச் சிகிச்சை கொடுத்தார்கள். கட்டி போனது. கூடவே வாயின் ஈரமும் நாக்கின் ருசியும் மூக்கின் வாசனையும் போயின. திரும்பி வர வேண்டியது ஒரு வருடத்துக்குள் வந்துவிடும், வராததைப் பற்றி அப்புறம் பார்க்கலாம் என்றார் டாக்டர். பஸ்ஸை இன்னொருவர் எடுத்துக்கொண்டார். சௌ-லிங் தினமும் கஞ்சி காய்ச்சினாள். மீன் போட்டு, இஞ்சி போட்டு, முட்டையை உடைத்து ஊற்றி, தெரிந்த வித்தையெல்லாம் காட்டினாள். மாக் முதல் வாயை விழுங்கும் வரை எதிரில் நின்று, “தெரியுதா?” என்று கேட்பாள். “லேசா” என்பார் மாக். ஒன்றும் தெரியாது. வெந்நீரில் நனைத்த காகிதத்தைத் தின்பதுபோல இருக்கும். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதைச் சொல்வது?

மறுபடி குளிர் வந்தது. டாக்டர் சொன்ன வருடம் முடியப் போகிறது. மாக் தனக்குள் ஒரு முடிவு செய்தார். மண்சட்டிச் சோறு சாப்பிட்டுப் பார்ப்பது. அதுவும் தெரியவில்லை என்றால் இனி எதுவும் தெரியப் போவதில்லை. வீட்டுக்குப் போய் சௌ-லிங்கிடம் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும், பாவம், இனியும் அவள் கஞ்சிப் பானையோடு மல்லுக்கட்ட வேண்டாம். பஸ் நிலையத்துப் பக்கம் காலாற நடந்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் கிளம்பினார்.

கடை வாசலில் வழக்கம்போல் வரிசை. ஃபோங் அவரைப் பார்த்துவிட்டாள். உடம்பு பாதியாகிவிட்ட மனிதரை எப்படி அடையாளம் கண்டாளோ, வரிசையிலிருந்து கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். “அவரு போன வருஷமே வரிசைல நின்னவரு” என்று அவர்களின் வாயை அடைத்தாள். அதே மூலை மேசை, அதே பழுப்புக் கோட்டு. விலா எலும்புக்காரர் நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கோப்பையைத் தேநீரில் அலசி, நிரப்பி, எதிரில் வைத்தார். மாக் இரண்டு விரலால் மேசையைத் தட்டினார்.

ஃபோங்குக்கு அவ்வளவு அடக்கமெல்லாம் கிடையாது. அங்கேயே நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

“இந்த ஆளு பண்ணின கூத்து தெரியுமா அழகா? போன குளிர்காலம் பூரா உன் இடத்துல யாரையும் உக்கார விடல. தினமும் ஒரு கோப்பைல டீயை ஊத்தி எதிர்ல வச்சுக்குவாரு. ஆள் இருக்குன்னு அர்த்தமாம். வெளிய அத்தனை பேரு நிக்கிறாங்க. எங்கய்யா ஆளுன்னு கேட்டா, டாய்லெட் போயிருக்காருன்னு சொல்லுவாரு.”

விலா எலும்புக்காரர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு குளிர்காலம் முழுக்க நீ டாய்லெட்லதான் இருந்திருக்க” என்றாள் ஃபோங். “இவருக்கு உன் பேரும் தெரியாது, வீடும் தெரியாது. எங்க போய் விசாரிப்பாரு? எனக்கும் தெரியாது. ஒருவேளை ஆளு போய்ச் சேந்துட்டாரோன்னுதான் நினைச்சேன். இவர்கிட்ட அதை எப்படிச் சொல்றது? சரி, டாய்லெட்லயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

மருத்துவமனையில் குழாய் வைத்துப் படுத்திருந்த நாட்களில், தன்னை நினைக்க சௌ-லிங்கை விட்டால் யாரும் இல்லை என்று நினைத்திருந்தார். இங்கே ஒரு மனிதர் தனக்கு இடம் போட்டு வைத்திருந்திருக்கிறார். இப்படியும் உண்டா என்று இருந்தது அவருக்கு. எதையாவது சொல்லியாக வேண்டும் என்று வாயைத் திறந்தார். பழக்கம் இல்லாததால், எதிரில் இருந்தவரின் கோப்பையில் தேநீரை ஊற்றினார்.

அதற்குள், மாக்கைப் பார்த்ததுமே ஏற்றிய ஈரல் சட்டி ஆகிவிட்டது என்று அடுப்படியில் தம்பி இடுக்கியால் தட்டித் தட்டி ஓய்ந்துபோனான். அதே கதையை மற்ற மேசைகளுக்கும் சொல்லிக்கொண்டிருந்த ஃபோங்குக்கு அது கேட்கவில்லை. நினைவு வந்து ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்தாள்.

மாக் மூடியைத் திறந்தார். ஆவி முகத்தில் அடித்தது. வாசனை இல்லை. சோயா சாஸைச் சோற்றின் ஓரமாகச் சுற்றி ஊற்றி, மறுபடி மூடி, அது இறங்கக் காத்திருந்தார். முதல் கரண்டி வாயிலேயே நின்றது. ஈரமில்லாத வாயில் சோறு மரத்தூள்போல ஒட்டிக்கொண்டது. தேநீரைக் குடித்து உள்ளே தள்ளினார். ஈரலைக் கடித்தார். அழிரப்பரைக் கடித்தாலும் அப்படித்தான் இருக்கும். இன்னொரு கரண்டி. அதுவும் அப்படியே. கரண்டியைக் கீழே வைத்தார். வீட்டுக்குப் போய் சௌ-லிங்கிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று யோசித்தார்.

எதிரில் இருந்தவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எழுந்து, மாக்கின் சட்டியிலிருந்த சோற்றையும் கறியையும் ஒரு தட்டுக்கு மாற்றினார். அடியில் ஒட்டியிருந்த முறுகலின் மேல், கூஜாவிலிருந்த சூடான தேநீரை ஊற்றினார்.

“நீங்க வராம போனதுல இருந்து நான் இப்படித்தான் திங்கிறேன்” என்றார். “ஊறினா இறங்கிரும்.”

இத்தனை வருடத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு அது. அதற்காகவாவது சாப்பிட வேண்டும் என்று மாக் ஒரு கரண்டி எடுத்தார். ஊறிய முறுகல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. இறங்கும்போது நாக்கின் பின்னால் என்னவோ உறுத்தியது. இன்னொரு கரண்டி எடுத்து, வாயிலேயே வைத்துக்கொண்டார். கசப்பு. சந்தேகமே இல்லை, கசப்பு. அதற்குப் பின்னால் லேசாகப் புகை.

“கருகியிருக்கு” என்றார்.

பக்கத்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த ஃபோங் திரும்பினாள். அவள் கடைச் சட்டியைப் பார்த்து இதுவரை யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. சண்டைக்குத் தயாராக வந்து சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். ஒரு பக்கம் பொன்னிறம். மறுபக்கம் கரிக்கட்டை. அவள் முகம் விழுந்துவிட்டது.

“என் வாய்தான் காரணம்” என்றாள். “கொடு அழகா, வேற சட்டி போடச் சொல்றேன்.”

கையை நீட்டினாள். மாக் விடவில்லை. சூடான சட்டியைத் துணியோடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வளைவில் கம்பியைப் பிடிக்கும் பிரயாணிகள் அப்படித்தான் பிடிப்பார்கள்.

“கருகினதைத் திங்காதே, கொடு” என்றாள் ஃபோங்.

“வேண்டாம். எனக்குக் கசக்குது” என்றார் மாக். அவர் கண்ணில் நீர் வழிந்தது. “ஒரு வருஷமா எனக்கு எதுவுமே தெரியல அக்கா. கஞ்சி தெரியல, மீன் தெரியல. இது தெரியுது.”

ஃபோங் நீட்டிய கையை மெதுவாக இழுத்துக்கொண்டாள். மேல்துண்டால் மூக்கைத் துடைத்தாள். அப்புறம் அடுப்படிப் பக்கம் திரும்பி, அடுத்த சட்டியையாவது ஒழுங்காகப் பார்க்கும்படி தம்பியைக் காரணமில்லாமல் திட்டினாள்.

மாக் போனை எடுத்து வீட்டுக்குப் பேசினார்.

“கருகிருச்சு” என்றார்.

“என்ன கருகிருச்சு? எங்க இருக்க நீ?” என்றாள் சௌ-லிங்.

“சட்டிச் சோத்துக் கடைல. சோறு கருகிருச்சு. வாய்ல தெரியுது.”

அந்தப் பக்கம் அவள் மூச்சை இழுப்பது கேட்டது.

“அப்ப இத்தனை நாளா என் கஞ்சி?”

கை அவரை அறியாமல் மேலே போனது. போனில் அது தெரியாது என்று உறைத்ததும் கீழே இறக்கினார்.

“தெரியல. நீ நின்னு பாத்துட்டிருந்தியா, அதான் சொல்ல மனசு வரல” என்றார்.

“திருட்டுப் பயலே” என்றாள் அவள். குரல் உடைந்திருந்தது. “எனக்கு அங்க இடம் இருக்கா?”

அவள் குரல் மேசைக்கு எதிர்ப்பக்கம் வரை கேட்டிருக்க வேண்டும், மாக் பதில் சொல்லுமுன் விலா எலும்புக்காரர் மூன்றாவது கோப்பையை அலசிவிட்டார். அதை நிரப்பி, மாக்கின் பக்கத்திலிருந்த காலி முக்காலிக்கு நேராக வைத்தார். வரிசையிலிருந்து ஓர் இளைஞனை அழைத்துக்கொண்டு வந்த ஃபோங் அதைப் பார்த்து நின்றாள்.

“இங்க யாரு?” என்றாள்.

விலா எலும்புக்காரர் நிமிரவில்லை. “டாய்லெட் போயிருக்காங்க” என்றார்.

ஃபோங் அந்தக் கோப்பையைப் பார்த்தாள். மாக்கைப் பார்த்தாள். பிறகு அந்த இளைஞனிடம், “கொஞ்ச நேரம் வெளிய நில்லு அழகா, இங்க ஆள் இருக்கு” என்றாள்.