அரக்கு முத்திரை வைத்த தேன்

எங்கள் வீட்டுத் தேனுக்கு ஏதோ பெரிய பரிசு கிடைக்கப்போகிறது என்றுதான் நான் நினைத்தேன். மார்த்தாண்டத்தில் ரோட்டோரம் இருந்த அப்பாவின் சின்னத் தேன்கடைக்கு ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். தேனை விலைக்கு வாங்கி, நான்கு குப்பிகளில் அளவாக ஊற்றி, தாளில் பொதிந்து நூல் கட்டினார். பிறகு சிவப்பு அரக்கை உருக்கிச் சொட்டவிட்டு முத்திரை குத்தினார். எட்டு வயதுப் பெண் வேறு என்ன நினைப்பாள்? உணவுக்கென்றே ஓர் அதிகாரி உண்டு என்பதே எனக்குப் பெரிய ஆச்சரியம். வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவும் சிரித்தபடியே கையெழுத்துப் போட்டார். தன் தேன்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

சில வாரம் கழித்துத் தபாலில் வந்தது பரிசு அல்ல, அந்தத் தேனைச் சோதித்த அறிக்கை. தேனில் சீனி இருக்கிறது, வழக்கு வரும், சிறைக்கும் போக நேரலாம் என்று வக்கீல் அதைப் படித்துச் சொன்னார்.

“ஜெயில்ல போட்டிருவாவளா?” என்று அம்மா அழுதாள்.

“நான் ஒரு மணி சீனி சேக்கல்ல,” என்று சொல்லிவிட்டு, அப்பா ரப்பர் தோட்டத்தில் இருந்த தேன்பெட்டிகளைப் பார்க்கப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

மழைக்காலத்தில் தேனீக்களுக்குத் தீனி கிடைக்காது. அப்போது தேங்காய்ச் சிரட்டையில் சீனித் தண்ணீர் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ரப்பர் துளிர்த்துத் தேன் வரத் தொடங்கினால் சிரட்டையை எடுத்துவிட வேண்டும். அப்பா எடுத்தும்விட்டார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. பழகிய சாப்பாட்டை இப்படிச் சட்டென்று நிறுத்தினால் பாவம், அதுகள் என்ன செய்யும்? பள்ளி விட்டு வந்ததும் தினமும் அடுக்களைச் சீனியைக் கரைத்து, பெட்டிகளுக்குப் பின்னால் புல்லுக்குள் வைத்துவந்தேன். சீனி குறைவதற்கு அம்மா எறும்பைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

அப்பா புல்லை விலக்கினார். ஈரச் சிரட்டைகள் வரிசையாக இருந்தன. சிரட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சீனி திருடியதற்கு அடி விழப்போகிறது என்று நடுங்கினேன்.

“இனி ஊத்தாண்டாம் மக்கா,” என்றார். அவ்வளவுதான். அம்மாவிடம்கூட அவர் சொல்லவில்லை.

அடுத்த வருடம் குழித்துறை கோர்ட்டுக்குப் போனோம். அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு உயரமான கூரையை நான் கோயிலில்தான் பார்த்திருக்கிறேன். முத்திரை வைத்த இன்னொரு குப்பியை வேறு இடத்துக்கு அனுப்பி மறுபடி சோதித்துப் பார்க்கலாம் என்று வக்கீல் முன்பே சொல்லியிருந்தார். அப்பா வேண்டாம் என்றுவிட்டார்.

சீனி எப்படி வந்தது என்று நீதிபதி கேட்டார்.

“எனக்க பெட்டி, எனக்க தப்பு ஐயா. கவனிக்காம விட்டுட்டேன்,” என்றார் அப்பா.

நீதிபதி எதையோ எழுதிவிட்டு, அபராதம் என்றும், கோர்ட் கலையும்வரை என்றும் சொன்னார். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். மற்றவர்கள் தங்கள் வழக்கு முடிந்ததும் போய்க்கொண்டே இருந்தார்கள். அப்பா மட்டும் போலீஸ்காரருக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் அசையாமல் இருந்தார். சாயங்காலம் நீதிபதி எழுந்தபோது எல்லாரும் எழுந்து நின்றார்கள், அப்பாவும்தான். எனக்குப் புல்லரித்தது.

வெளியே வந்ததும் அப்பா பலசரக்குக் கடையில் ஒரு கிலோ சீனி வாங்கி என் கையில் தந்தார். “மழை வரட்டு, அப்பா சொல்லுவேன். அப்ப நீதான் ஊத்தணும், கேட்டியா?” என்றார்.

பல வருடம் கழித்து, கல்லூரியில் சேரச் சான்றிதழ் தேடியபோதுதான் தீர்ப்பின் நகல் கையில் கிடைத்தது. கோர்ட் கலையும்வரை சிறைத்தண்டனை என்று அதில் இருந்தது. நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

அன்றைக்கு எனக்கு அது தெரியாது. மறுநாள் பள்ளிக்கூடத்தில், அத்தனை பேரையும் அனுப்பிவிட்டு எங்கள் அப்பாவை மட்டும் நீதிபதி சாயங்காலம்வரை கூடவே இருக்கச் சொன்னார் என்று, வகுப்பு முழுக்கப் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.