நோட்டீஸ் காலத்தில் வந்த விடுமுறை

"யாருக்கு டோக்கன் போடணும்?" என்று நான் கேட்டபோது அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, "டோக்கன் போட்டா எம் பொஞ்சாதியப் பாக்கலாமாம்மா?" என்று கேட்டார். அருப்புக்கோட்டையில் நான் வேலை பார்க்கும் தனியார் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜையில் அன்று காலை எல்லோரும் சிரித்துவிட்டோம். அவரும் சிரித்தார். சவூதியில் லாரி ஓட்டிவிட்டு இரண்டு வருஷத்துக்குப் பின் ஊர் வந்து இறங்கியிருந்தவர். எங்கள் பிரசவ வார்டின் மூத்த நர்ஸ் அக்காவுக்குக் கணவர். அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அக்கா வேலை முடிந்து இறங்கி வரும்வரை நோயாளிகளோடு நோயாளியாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் விடுமுறையில் இருந்த இரண்டு மாதமும் அவரை அந்த பெஞ்சில்தான் அதிகம் பார்த்தேன்.

அக்காவுக்குத் திருச்சுழி. திருமணமாகி ஏழு வருஷம் ஆகியிருந்தது. கணவரோடு இருந்த நாட்களையெல்லாம் சேர்த்தாலும் ஒரு வருஷம் தேறாது. குழந்தை இல்லை. பிறந்த பிள்ளையைத் துடைத்துத் துணியில் சுற்றி, வெளியே காத்திருக்கும் குடும்பத்தின் கையில் கொடுப்பது அக்காவின் வேலை. வாங்குகிறவர்கள் சந்தோஷத்தில், "ஒங்களுக்கு எத்தன பிள்ளைகம்மா?" என்று கேட்டுவிடுவார்கள். "அல்லா குடுப்பான்" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய்விடுவார். என்னிடம் ஒரு நாள், "இந்தத் தடவ அவுக வாறப்ப ஒரு மாசமாவது வீட்டுல இருக்கணும்டி. மதுரைக்குப் போயி ரெண்டு பேரும் சேந்து டாக்டரப் பாக்கணும்" என்றார். அதற்காக வருஷம் முழுக்க ஒரு நாள்கூட லீவு எடுக்காமல் சேர்த்து வைத்திருந்தார்.

கணவர் வருவதற்கு முன்பே ஒரு மாத லீவு கேட்டார். ஆள் பற்றாக்குறை, பார்க்கலாம், பார்க்கலாம் என்று மேனேஜர் இழுத்தடித்தார். அண்ணன் வந்து இறங்கிய வாரம், முடியாது என்று சொல்லிவிட்டார். அக்கா அன்றே ராஜினாமா எழுதிக் கொடுத்தார். கோபத்தில் கொடுத்தது இல்லை. இத்தனை வருஷம் வேலை பார்த்தவள் போகிறேன் என்றால் கூப்பிட்டுப் பேசுவார்கள், லீவாவது கிடைக்கும் என்று நம்பித்தான் கொடுத்தார். மேனேஜர் வாங்கிப் படித்துவிட்டு, "சரிம்மா. ரெண்டு மாசம் நோட்டீஸ். அத முடிச்சிட்டுக் கெளம்புங்க" என்றார். இடையில் நின்றால், ஆஸ்பத்திரி பிடித்து வைத்திருக்கும் ஒரு மாதச் சம்பளம் கிடைக்காது. சேரும்போது வாங்கி வைத்த நர்ஸிங் சான்றிதழ்களும் கைக்கு வராது. சம்பளத்தை அக்கா விட்டுவிடத் தயாராக இருந்தார். சான்றிதழ் இல்லாமல் வேறு எந்த ஆஸ்பத்திரியில் போய் நிற்பது? அவர் அத்தா திருச்சுழி பஸ் ஸ்டாண்டில் பழக்கடை போட்டுப் படிக்க வைத்த படிப்பு அது.

அத்தோடு விட்டிருக்கலாம். அக்காவை முழுக்க இரவு வேலைக்குப் போட்டார்கள். கேட்டதற்கு, "போறவுகளுக்குப் பகல் டூட்டி எதுக்கு? இருக்கிற பிள்ளைக பழகட்டும்" என்று பதில் வந்தது. சாயங்காலம் அண்ணன் பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். காலையில் வந்து பெஞ்சில் காத்திருப்பார். பகலில் வீடு நிறைய சொந்தக்காரர்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவரைப் பார்க்க வருகிறவர்கள் ஓய்வதில்லை. அக்கா கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினால், புருஷன் வந்திருக்கும்போது என்ன தூக்கம் என்று மாமியார் வீட்டில் பேச்சு. தூங்காமல் வந்தால் வார்டில் கண் சொருகும். மதுரை டாக்டரிடம் ஒரே ஒரு முறை போனார்கள். தொடர்ந்து வர வேண்டும், சிகிச்சை நடக்கும் மாதங்களில் இருவரும் கூட இருக்க வேண்டும் என்று அவர் சொல்லி அனுப்பினார்.

ஒரு நாள் காலை பிரசவம் ஒன்று நீண்டுகொண்டே போக, அண்ணன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் டீ வாங்கிக் கொடுத்தேன். "நீங்களாச்சும் அங்க சொல்லி லீவக் கூட்டி வாங்கக் கூடாதாண்ணே?" என்று கேட்டேன். "அங்க எம் பாஸ்போர்ட்ட கம்பெனிக்காரன் வச்சிருந்தாம்மா. திரும்பி வேலைக்கு வாற தேதியச் சொன்ன பெறகுதான் கையில குடுத்தான். இங்க அவ சர்ட்டிபிகேட்ட இவுக வச்சிருக்காக. நாங்க யாருகிட்டன்னு கேக்க?" என்றார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். அக்கா இறங்கி வந்ததும் அண்ணன் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து, அவர் கைப்பையை வாங்கிக்கொண்டார். அக்கா அவர் தோளில் தலை சாய்த்தபடியே பைக்கில் போனதைப் பார்த்தேன். விழுந்துவிடாமல் இருக்கத் துப்பட்டாவால் இரண்டு பேரின் இடுப்பையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

அண்ணன் விமானம் ஏறிய நாளில் அக்காவுக்கு நோட்டீஸ் இன்னும் ஒரு வாரம் பாக்கி இருந்தது. வழியனுப்ப மதுரைக்குப் போக ஒரு நாள் லீவு போட்டார். நோட்டீஸ் காலத்தில் லீவு கிடையாது என்று சொல்லி, அதற்கு ஈடாக மேலும் சில நாட்கள் கூட்டினார்கள். அக்கா சண்டை போடவில்லை. இனி வீட்டுக்குப் போய் என்ன செய்வது என்பதுபோல் வந்துகொண்டிருந்தார். கடைசி நாளில் சான்றிதழ்களைக் கொடுத்தார்கள். சம்பளம் அடுத்த மாதம் வங்கியில் ஏறும் என்றார்கள். ஏறவில்லை. இரண்டு முறை வந்து கேட்டார். இரண்டாவது முறை மேனேஜர் சாப்பிடப் போயிருப்பதாகச் சொல்லி உட்கார வைத்தார்கள். அக்கா அந்த பெஞ்சைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். உட்காராமலே போய்விட்டார். அப்புறம் வரவில்லை.

பிறகு காரியாபட்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். எனக்கும் திருமணம், பிள்ளை என்று வருஷங்கள் ஓடின. போன மாதம் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில், பரளச்சி பஸ்ஸுக்கு மகளோடு நின்றபோது அக்காவைப் பார்த்தேன். முன்தலையெல்லாம் நரைத்திருந்தது. மகளின் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டார். "நீ இன்னும் அங்கதான் இருக்கியாடி? இப்ப நோட்டீஸ் எத்தன மாசம்?" என்று கேட்டார்.

"மூணு மாசமாக்கிட்டாகக்கா."

அக்கா தலையாட்டினார். அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"வந்துட்டாக. கம்பெனிய மூடிட்டான். கடைசிச் சம்பளம் அவுகளுக்கும் வரல. இடுப்பு வலியில வண்டி ஓட்ட முடியல. நானும் வேலைய விட்டுட்டேன். இப்ப நாள் பூரா ரெண்டு பேரும் வீட்டுலதான் இருக்கோம்" என்றார். என் மகளைப் பார்த்துக்கொண்டே, "மதுரை டாக்டர் சொன்னது அப்பத்தான முடிஞ்சிருக்கும். இனி என்னத்தப் போயி" என்றார்.

திருச்சுழி பஸ் வந்தது. "வாரேன்டி" என்று சொல்லிவிட்டு அக்கா கூட்டத்தோடு ஏறிக்கொண்டார். மறுநாள் எனக்குக் காலை டூட்டி.