அம்மாவின் ஆர்மோனியமும் பக்கத்து வீட்டு ஹரிணியும்

அம்மா இல்லாமல் ஒரு குறுவையும் ஒரு சம்பாவும் அறுவடையாகிவிட்டன. ஆண்டு நினைவுக்கு வந்திருக்கும் உறவினர்களும் நண்பர்களுமான நீங்கள் அவரைக் கண்டிப்பான கணக்கு டீச்சராக அறிவீர்கள். அவருடைய கடைசி ஆறு ஆண்டுகளைப் பக்கத்து வீட்டார் அறிந்த அளவுக்கு நம்மில் யாரும் அறியவில்லை. அதைச் சொல்லும் கடமை மகளான எனக்கு இருக்கிறது.

அம்மா குடவாசலுக்கு அருகே ஒரு கிராமத்தில் பிறந்தார். அவர் பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் குடும்ப நிலத்தில் பெரும்பகுதி கைமாறிவிட்டது. வீட்டுக்கு வந்து சொல்லித்தந்த பாட்டு வாத்தியாரிடம் ஆர்மோனியமும் வயலினும் கற்றார். கச்சேரி என்று எதுவும் செய்ததில்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து, அப்பாவை மணந்து தஞ்சாவூருக்கு வந்தார். எனக்கு ஒன்பது வயதும் தம்பிக்கு ஐந்து வயதும் ஆனபோது அப்பா மாரடைப்பில் காலமானார். அதன்பின் விடியலில் சமைத்து வைத்துவிட்டுப் பள்ளிக்கு பஸ் பிடிப்பதும், மாலையில் டியூஷன் எடுப்பதுமாக எங்கள் இருவரையும் ஆளாக்கினார்.

அந்த நாட்களில்தான் எனக்கு வயலின் சொல்லிக்கொடுத்தார். சிறுவர்களுக்கான சின்ன வயலின் ஒன்று வாங்கினார். ஸ்வரம் பிசகினால் வில்லாலேயே விரலில் தட்டுவார். பத்து வயதில் ஒரு நாள், "எனக்கு வேண்டாம்" என்று பெட்டியை மூடிவிட்டேன். அம்மா வற்புறுத்தவில்லை. பீரோவின் மேல் ஏறிய அந்தப் பெட்டியைப் பற்றி முப்பது ஆண்டுகள் நாங்கள் பேசவேயில்லை.

அம்மா ஓய்வு பெற்ற பிறகு பக்கத்து வீட்டுக்கு செல்வம், முத்துலட்சுமி தம்பதியர் குடிவந்தார்கள். பட்டுக்கோட்டைக்குக் கிழக்கே கடற்கரை ஊர்க்காரர்கள். புயலில் படகு உடைந்த பின், லோடு ஆட்டோவில் மீன் விற்கத் தஞ்சாவூருக்கு வந்தவர்கள். அவர்களுடைய மகள் ஹரிணிக்கு அப்போது எட்டு வயது. மாலையில் அம்மா ஆர்மோனியம் வாசிக்கும்போதெல்லாம் வாசல்படியில் வந்து நிற்பாளாம்.

"நின்னுக்கிட்டே கேட்டா கால் வலிக்கும். உள்ள வா" என்று ஒரு நாள் அம்மா கூப்பிட்டார். பாடம் அப்படித்தான் தொடங்கியது.

உறவினர் ஒருவர் மனம் வருந்தினார். "மீன் விக்கிறவங்க வீட்டுப் புள்ளைய, சாமி அறைக்குப் பக்கத்துல உக்கார வெச்சிருக்கீங்களேக்கா?"

"அதனால என்ன? உங்க பசங்களையும் அனுப்புங்க, சேர்த்தே சொல்லித்தர்றேன்" என்றார் அம்மா. அந்த உறவினரும் இந்த நினைவு மலரைப் படிப்பார். பின்னாளில் அவரே ஹரிணி வாசிப்பதைக் கேட்கவென்று வந்து உட்கார்ந்தார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

நான் சென்னையில் இருந்தேன். ஒரு பொங்கல் விடுமுறையில் வந்தபோதுதான் பாடத்தை நேரில் பார்த்தேன். ஹரிணி ஒரே இடத்தில் நாலு தடவை தவறினாள். நாலு தடவையும் அம்மா, "பரவால்ல, இன்னொரு தடவை" என்றார். கடைசியில் இருவரும் சிரித்தார்கள். நான் சமையலறைக்குப் போய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களையே மறுபடி கழுவினேன்.

அன்று மாலை அம்மா கேட்டார்: "அந்தச் சின்ன வயலின அவளுக்குக் குடுக்கட்டுமா?"

"வேண்டாம்மா. அது என்னோடது."

"நீதான் தொடறதே இல்லியே?"

"எனக்கு ஒரு தடவையாவது பரவால்லன்னு சொல்லியிருக்கியாம்மா நீ?"

அம்மா ஆர்மோனியத்தை மூடி வைத்தார். பிறகு சொன்னார்: "அப்ப உங்கப்பா போயி ஒரு வருஷம்தான் ஆயிருந்துது. நீ ஒரு ஸ்வரம் தப்பா வாசிச்சாக்கூட, எல்லாமே என் கைய விட்டுப் போற மாதிரி இருக்கும். உன் மேல தப்பே இல்லடி. இத உங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்."

மறுநாள் நான் சென்னைக்குப் பஸ் ஏறினேன்.

மூன்று வாரம் கழித்துப் பாடத்தின் நடுவே அம்மாவின் இடது கை ஆர்மோனியத்தின் துருத்தியிலிருந்து நழுவி விழுந்தது. பேச்சும் குழறியது. ஹரிணி ஓடிப்போய்த் தன் அப்பாவை அழைத்துவந்தாள். செல்வம் மீன் பெட்டிகளைத் தெருவிலேயே இறக்கி வைத்துவிட்டு, லோடு ஆட்டோவில் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழி முழுவதும் முத்துலட்சுமி அம்மாவின் தலையைத் தன் மடியில் தாங்கியிருந்தார். இவ்வளவு சீக்கிரம் கொண்டுவந்ததால்தான் உயிர் பிழைத்தது என்று டாக்டர் எங்களிடம் சொன்னார். நான் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தபோது அம்மாவுக்கு நினைவு திரும்பியிருந்தது.

பேச்சு சில வாரங்களில் தெளிந்தது. இடது கை மட்டும் மீளவில்லை. நான் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கிக்கொண்டு அம்மாவுடன் தங்கினேன். ஆர்மோனியத்துக்கு இடது கையால் காற்றுப் போட்டால்தான் வலது கையால் வாசிக்க முடியும். அம்மா அதன் பக்கம் திரும்புவதையே விட்டுவிட்டார். ஒரு நாள் ஹரிணி தானாக வந்து அம்மாவின் இடப்பக்கம் உட்கார்ந்து துருத்தியில் கை வைத்தாள்.

"நீங்க வாசிங்க டீச்சர். நான் காத்துப் போடறேன்."

"இவ்ளோ வேகம் வேண்டாம்டா. மூச்சு விடற மாதிரி போடு."

இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்று அம்மா வாசித்தார். நான் கதவோரம் நின்று கேட்டேன். இத்தனை நாள் நான் சுமந்திருந்த கோபம் எனக்கே சிறிதாகத் தெரிந்தது. மறுநாள் பீரோவின் மேலிருந்து பெட்டியை இறக்கினேன். வயலினுக்குப் புதுத் தந்தி மாட்டி அம்மாவிடம் கொடுத்தேன்.

"உன்னோடது. நீயே குடு" என்றார்.

அதன்பின் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள், வயலினைப் பிடிக்க முடியாத நிலையிலும், அம்மா ஸ்வரங்களைப் பாடியே ஹரிணிக்கு வயலின் கற்றுக்கொடுத்தார். பங்குனியில் ஒரு பிற்பகல், சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், உறக்கத்திலேயே எங்களைவிட்டுப் பிரிந்தார்.

அம்மாவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், வீட்டுக்கே வந்து பயிற்சி தந்த பிசியோதெரபிஸ்ட் பெண்ணுக்கும், அம்மாவுடன் பணியாற்றிய ஆசிரியப் பெருமக்களுக்கும், இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த உறவினர்களுக்கும் நானும் தம்பியும் கடமைப்பட்டிருக்கிறோம். செல்வம் அண்ணனுக்கும் முத்துலட்சுமி அண்ணிக்கும் நன்றி என்று எழுதினால் அவர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆகவே எழுதவில்லை.

இந்த மலரின் மாதிரிப் பிரதியை ஹரிணியிடம் காட்டினேன். அட்டையிலிருந்த அம்மாவின் படத்தைப் பார்த்துவிட்டு, "டீச்சர் இதுல சிரிக்கவே இல்லியேக்கா" என்றாள். அம்மா சிரிக்கும் படம் எங்கள் வீட்டில் தேடியும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அவள் அப்பாவின் கைபேசியில் பதினாறு இருந்தன. அவற்றில் ஒன்றைத்தான் இப்போது அட்டையில் பார்க்கிறீர்கள். படத்தின் ஓரத்தில், ஆர்மோனியத்தின் மேல் தெரியும் சின்ன விரல்கள் ஹரிணியுடையவை. அவற்றை வெட்டிவிடலாமா என்று அச்சகத்தில் கேட்டார்கள். அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.