திட்டாமல் பேசினால் மைக் தருகிறேன்

மைக் செட் வாடகைக்கு விடுகிறவனுக்குக் கட்சி கிடையாது, காது மட்டும்தான் உண்டு. கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் முளைக்க ஆரம்பித்த காலத்தில் திருவள்ளூரில் கடை வைத்து, எல்லாக் கட்சிக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டினேன். எல்லாருடைய பேச்சையும் கேட்டுத் தொலைத்தேன். வீட்டில் ஆளுக்கொரு கட்சி வைத்துக்கொண்டு சோறு இறங்காமல் தவித்தவர்களே, உங்களுக்கு இது புரியும். என் தங்கச்சி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருவாளா என்பதே அந்தப் பேஜாரில் சந்தேகமாகிப்போனது.

ஆர்.கே.பேட்டைப் பேச்சு

தேர்தல் நேரம். சந்தைத் திடலில் ஒரு பேச்சாளர், எதிர்க்கட்சிக்காரனின் பாட்டன் பூட்டன் வரை இழுத்துத் திட்டினார். ஜனம் கை தட்டத் தட்ட, சவுண்டை ஏற்று என்று எனக்கு ஜாடை வேறு. ஆம்ப்ளிஃபயர் கொதிக்கிறதே என்ற கவலை எனக்கு. எல்லாம் முடிந்து ஒயரைச் சுருட்டும்போது, உங்கள் கட்சி வந்தால் என்ன செய்யும் என்று சொல்லவே இல்லையே என்று கேட்டேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அதுக்குள்ள நேரம் ஆயிட்ச்சிப்பா."

சோழவரத்தில் அதே குரல்

சோழவரத்தில் மேடை ஏறியவரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. போன தேர்தலில் இதே மைக்கைப் பிடித்து இந்தக் கட்சியைக் கிழி கிழியென்று கிழித்தவர். இப்போது அதே குரல், அதே கண்ணீர், கொடி மட்டும் வேறு. நடுவில் என்னதான் யோசித்து மாறினார் என்று தெரிந்துகொள்ளும் ஆசையில், சோடா குடிக்க இறங்கியவரிடம் மெதுவாகக் கேட்டேன்.

"நான் மாறல தம்பி, கட்சிங்கதான் மாறிக்கினே கீது."

மோருக்கு முன்னால்

ஊரான் பேசினால் காசு வாங்கிக்கொண்டு கேட்கலாம். வீட்டில்? நைனாவுக்குத் திருவாலங்காட்டில் நெல் வயல், கூடவே ஒரு கட்சி. தங்கச்சி கமலாவின் புருஷன் சேகர் கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஃபிட்டர், அவன் எதிர்க்கட்சி. தீபாவளிக்கு இலை போட்டதும் அரிசி விலையில் ஆரம்பித்தார்கள். ரசம் வருவதற்குள் ஒருவர் தலைவரை இன்னொருவர் திட்டி முடித்தாகிவிட்டது. சேகர் மோருக்குக்கூட நிற்காமல் எழுந்தான். முழுகாமல் இருந்த கமலா கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். வாசலில் அவன் என்னிடம் சொன்னது:

"பிரசவம் எங்க ஊட்லயே பாத்துக்கிறோம் மச்சான். மாமா பேசனதை வாபஸ் வாங்கட்டும், அப்பால பாக்கலாம்."

வளைகாப்புப் பந்தல்

அம்மா அழுது அடம்பிடித்து நைனாவை சேகர் வீட்டு வளைகாப்புக்கு இழுத்து வந்தாள். ரெக்கார்டு போட என் செட்டுதான். கமலா கையில் பாதி வளையல்கூட ஏறவில்லை, நைனாவும் சேகரும் மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். நைனா துண்டை உதறி எழுந்தார். அவர் போய்விட்டால் கமலாவை யார் கூட்டிப்போவது? எனக்கு வந்ததே ஆத்திரம்! ரெக்கார்டை நிறுத்திவிட்டு அவர் முன்னால் மைக்கை நீட்டினேன். உங்கள் கட்சி ஏன் நல்லது என்று மட்டும் சொல்லுங்கள், அவர்களைத் திட்டினால் சுவிட்சை அணைத்துவிடுவேன் என்றேன்.

நைனா தொண்டையைச் செருமி, "அவனுங்க மாதிரி" என்று தொடங்கினார். அணைத்தேன். மறுபடி போட்டேன், மறுபடி அதே பல்லவி, மறுபடி அணைத்தேன். பந்தலே சிரித்தது. கடைசியில், வாய்க்கால் தகராறில் பங்காளி அந்தக் கட்சிக்குப் போனதால் தான் இந்தக் கட்சிக்கு வந்ததாக முணுமுணுத்தார். அது தெருக்கோடி வரை கேட்டது. இளக்காரமாகச் சிரித்துக்கொண்டு சேகர் மைக்கை வாங்கினான். அவனுக்கும் திட்டைத் தவிர வேறெதுவும் வாயில் வரவில்லை. வியர்த்து விறுவிறுத்து, கம்பெனியில் கூட வேலை செய்கிறவர்கள் எல்லாம் அந்தக் கட்சி என்பதால் தானும் சேர்ந்துகொண்டதாகச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

கமலா வளையல் குலுங்க எழுந்து வந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"பங்காளிக்கோசரம் ஒருத்தர், கூட்டாளிங்களுக்கோசரம் ஒருத்தர். இதுக்கா நான் எங்கம்மா ஊட்டுக்குப் போகாம கிடக்கணும்? அண்ணா, காரைக் கூப்பிடு."

கமலா வந்தாள், பெண் குழந்தையும் பிறந்தது. இத்தனை வருஷம் நான் வாடகைக்கு விட்டிருக்க வேண்டியது மைக்கை அல்ல, அந்த சுவிட்சைத்தான்.