முந்நூறு மீட்டர் தாங்கும் கடிகாரம்

என் வீட்டுக்காரருக்கு நீச்சல் தெரியாது. குழாய்த் தண்ணீர் கொட்டும் பீலிக்கு அடியில் நின்று குளிக்கும்போதே மூக்கைப் பொத்திக்கொள்வார். அப்பேர்ப்பட்டவருக்குத்தான் கடலுக்கடியில் முந்நூறு மீட்டர் வரை தாங்கும் கைக்கடிகாரம் வந்து வாய்த்தது.

அவர் சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் ரூம் துப்புரவு செய்யும் வேலையில் இருந்தார். மாதம் ஒருமுறை ரத்தோட்டைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் எங்கள் லயத்துக்கு வருவார். தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊர் திரும்பும்போது, தன் கையில் கட்டியிருந்ததைக் கழற்றி இவரிடம் கொடுத்துவிட்டாராம். உலகத்திலேயே மொத்தம் ஐந்நூறுதான் செய்தார்களாம். இவருடையது நாற்பத்தொன்று. பின்மூடியில் எண் வெட்டியிருந்தது. அன்றிலிருந்து இவர் நடந்தால் இடது கைதான் முதலில் வரும், ஆள் பிறகுதான்.

அதற்குள் ஒரு குட்டி நிலா இருந்தது. கடல் ஏறுகிறதா வற்றுகிறதா என்று காட்ட ஒரு முள்ளும் இருந்தது. மலையில் கிடக்கிற எங்களுக்குக் கடல் ஏறினால் என்ன, வற்றினால் என்ன? இவரோ அந்த முள்ளைப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு மணித்தியாலத்துல பீலியில தண்ணி வரும் பாரு புள்ள" என்பார். வராது. மேலே குழாயில் சருகு அடைத்திருக்கும். பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தன்று கலண்டரில் சிவப்பு, வானத்தில் முழு நிலா, இவர் கையில் மட்டும் பிறை. "கலண்டர் அடிச்சவன் பிழை விட்டுட்டான்" என்றார். கண்டபடி திருகி நிலாவைக் கெடுத்ததே இவர்தான்.

வடக்கில் ராணுவத்துக்கும் இயக்கத்துக்கும் சண்டை உச்சத்தில் இருந்த காலம் அது. ஒரு மாதம் நானும் சீகிரியாவுக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு, இருவரும் பஸ்ஸில் திரும்பினோம். வழியில் சோதனைச் சாவடி. எல்லோரையும் இறக்கினார்கள். எங்கள் அடையாள அட்டையில் ஒரு குறையும் இல்லை. அங்கிருந்த இன்ஸ்பெக்டர் இவர் கையைப் பார்த்து, "நல்ல வாச்சு" என்றார் சிங்களத்தில்.

அதோடு வாயை மூடியிருக்கலாம். இவருக்கோ பெருமை தாங்கவில்லை. "கடலுக்கடியில போறவங்க கட்டுறது மாத்தயா" என்றார். இயக்கத்துக்காரர்கள் கடலில் கப்பலைத் தகர்த்துக்கொண்டிருந்த நாளில், ஒரு தமிழன், குண்டு போட்ட துவக்குக்கு முன்னால் நின்றுகொண்டு!

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தை வாங்கிப் புரட்டினார். "இது என்ன நம்பர்?" இயக்கத்துக்காரர்கள் கழுத்தில் எண் போட்ட தகடு கட்டுவார்கள் என்று எங்கள் லயத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என் புத்திசாலி சொன்னார்: "என்னோட நம்பர் மாத்தயா."

"நீ கடலுக்கடியில போவியா?"

"கொஞ்சம் பழக்கம் இருக்கு."

செருப்பால் அடிக்கலாம் போல இருந்தது. "பொய் மாத்தயா, இந்த ஆளுக்கு நீந்தவே தெரியாது, வாய் மட்டுந்தான்" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கத்தினேன். "அதையும் பார்ப்போமே" என்றார் அவர். கடிகாரத்தை இவர் கையிலேயே கட்டச் சொன்னார். சாவடிக்குப் பின்னால் குளம். நீந்தினால் அப்படியே ஜீப்பில் ஏற்றுங்கள் என்று கட்டளை போட்டார். அந்தக் காலத்தில் ஜீப்பில் ஏறியவர்கள் எங்கே இறங்கினார்கள் என்று போய்க் கேட்க முடியாது.

குளக்கட்டிலிருந்து தள்ளினார்கள். தாலி கட்டிய மனுஷன் முங்க வேண்டும் என்று நான் மாரியம்மனைக் கும்பிட்டேன். கையைக் காலை அடித்துத் தப்பித்தவறி மிதந்துவிடுவாரோ என்று பயந்தேன். அவர் மிதக்கவில்லை. கடிகாரம் கட்டிய கை மட்டும் கொஞ்ச நேரம் மேலே தெரிந்தது. பிறகு அதுவும் போனது. "முங்கிட்டார், போதும் மாத்தயா, போதும்" என்று அலறினேன். அந்த இன்ஸ்பெக்டர் இன்னும் கொஞ்சம் பார்த்துக்கொண்டு நின்றார். சீருடையும் துவக்கும் இருந்து என்ன, ஒரு வாய்ச்சவடால்காரனை அடையாளம் காண அவர்களுக்கு ஒரு குளம் தேவைப்பட்டது.

ஒரு கான்ஸ்டபிள் குதித்து, தலைமயிரைப் பிடித்து இழுத்து வந்தான். இவர் வாயாலும் மூக்காலும் தண்ணீராகக் கக்கினார். எல்லோரும் சிரித்தார்கள். "உனக்கெதுக்கு இது" என்று இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைக் கழற்றித் தன் கையில் கட்டிக்கொண்டார். அது நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த பஸ் வரும்வரை இவர் ஈரத்தோடு நடுங்கிக்கொண்டு நின்றார்.

லயத்துக்கு வந்ததும் வராததுமாகப் பக்கத்துக் காம்பிராவில் குடியிருப்பவள், "எங்கண்ணே வாச்சு?" என்று கேட்டாள்.

"பெரிய இன்ஸ்பெக்டர் ஒருத்தர் ஆசப்பட்டுக் கேட்டாரு. குடுத்துட்டேன்" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். வெறுமையாக இருந்த அந்த மணிக்கட்டை மற்றக் கையால் மூடியிருந்தார்.

"ஆமா" என்றேன் நான். "கெஞ்சிக் கேட்டாரு."