சாக்பீஸ் நனையும் ஆழம்

எஃகு நாடாவின் கடைசி ஒரு மீட்டருக்குச் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டே, "யார் வீட்டு மோட்டார் ஓடுது?" என்று கேட்கிறார் அளவுக்கார அக்கா. எங்கள் குடியிருப்பின் பின்புறம் இருக்கும் அளவுக் கிணற்றுக்கு அலுவலகத்திலிருந்து மாதம் ஒருமுறை வருகிறவர். கிணறு என்று பெயர்தான். மூடி போட்ட ஒரு குழாய், பூமிக்குள் போகிறது. நாடாவை உள்ளே விட்டு எடுத்தால் தண்ணீர் தொட்ட இடம் வரை சாக்பீஸ் கறுத்திருக்கும். அதை வைத்து நிலத்தடி நீர் எத்தனை மீட்டர் கீழே இருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

அப்போது பக்கத்தில் எந்த மோட்டாரும் ஓடக்கூடாது. ஓடினால் நீர்மட்டம் தாழ்ந்து கணக்கு தப்பாகிவிடும். "நிறுத்தி ஒரு மணி நேரமாவது போகட்டும். அப்பத்தான் கிணறு உண்மையைப் பேசும்" என்பார். ஒருமுறை, துணி துவைக்கும் அவசரத்தில், எங்கள் மோட்டார் ஓடவில்லை என்று வாய் கூசாமல் சொன்னேன். அவர் நேராக வந்து, காய்ச்சல் பார்ப்பதுபோலச் சுவரோரக் குழாயில் உள்ளங்கையை வைத்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

காத்திருக்கும் நேரமெல்லாம் கவிழ்த்துப் போட்ட வாளிதான் அவருக்கு நாற்காலி. யார் வீட்டிலும் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார். பையில் ஒரு பாட்டில் இருக்கும். மாலை வரைக்கும் அதுதான். யாருக்கும் தரவும் மாட்டார். விளையாட்டாகக் கேட்டுப் பார்த்தேன். "பையைக் கேளுங்க, தர்றேன். பாட்டிலுக்கு மட்டும் சொந்தபந்தம் கிடையாது" என்றார். மீட்டரில் சொன்னால் யாருக்கும் உறைக்காது என்று மாடிக் கணக்கில் பேசுவார். "உங்க கட்டடம் மேல ஒன்பது மாடி. தண்ணி கீழ பத்தாவது மாடியில இருக்கு. லிஃப்ட் கிடையாது."

போன மாதம் தம்பியோடு வந்தார். அடுத்த தெருவில் தம்பி வீடு கட்டுகிறார். ஜன்னல் மட்டம் வரை சுவர் எழும்பிவிட்டது. குழாய்த் தண்ணீர் அந்தப் பக்கம் வர இன்னும் இரண்டு வருஷம் ஆகுமாம். போர் போட்டால்தான் குடிபோக முடியும். ஆனால் எங்கள் கிணற்றில் நீர்மட்டம் முப்பது மீட்டருக்குக் கீழே போய்விட்டால் இந்த வட்டாரத்தில் புதிய போருக்கு அனுமதி இல்லை.

மோட்டார்களை நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தார். முப்பது மீட்டர் நாற்பது சென்டிமீட்டர். வழக்கமாக அதை எழுதிக்கொண்டு கிளம்பிவிடுவார். அன்று எழுதவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் மோட்டார் போடாமல் இருக்க முடியுமா என்று வீடு வீடாகப் போய்க் கேட்டார். விதிப்படி ஒரு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, கூடினால் தப்பில்லை. ஆனாலும் அவர் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அடுத்த மணியில் முப்பது இருபது ஆயிற்று. அதற்கடுத்து முப்பது பத்து. துணிகளை ஊறப்போட்டிருந்த நாங்களே, ஏறிவிடாதா என்று குழாயைச் சுற்றி நின்றோம். நாலாவது மணியிலும் அதே முப்பது பத்து.

"பத்து சென்டிமீட்டர்தானேக்கா. ஒரு சாண்கூட இல்ல" என்றார் தம்பி. வெயிலில் உட்கார்ந்திருந்ததில் அவருக்கு உதடெல்லாம் காய்ந்திருந்தது.

"தெரியுதுடா. உனக்கு விட்டுட்டா, பக்கத்து மனைக்காரர் வந்து கேக்கும்போது நான் என்ன சொல்லுவேன்?"

தம்பி எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். முப்பது என்றே எழுதித் தொலைத்தால்தான் என்ன என்று எனக்கு அக்கா மேல் கோபமே வந்தது. அவர் முப்பது பத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாடாவைத் துடைத்துச் சுருட்டினார். பிறகு பையிலிருந்து பாட்டிலை எடுத்தார். காலையிலிருந்து ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை. பாட்டிலின் கழுத்து வரை தண்ணீர் இருந்தது. மூடியைத் திறந்து தம்பியிடம் நீட்டினார்.