நாரியில் பூசிய எண்ணெய்

பிரசவ வலிக்கு முதுகுத்தண்டில் ஊசி போட்டால் பிறகு எழும்பி நடக்கவே முடியாது என்று என் மாமி, கணவரின் அம்மா, சொன்னதை நான் பாதிதான் நம்பினேன். பயப்படுவதற்கு அந்தப் பாதியே போதுமாக இருந்தது.

வலி தொடங்கிய காலையில், மிச்சம் என்ற ஊரில் இருந்த எங்கள் வீட்டில், மாமி என்னைக் கதிரையில் திருப்பி உட்கார வைத்து, நல்லெண்ணெயைச் சூடாக்கி நாரி முழுக்கத் தேய்த்தார். "இதைப் பூசினால் ஊசி தேவைப்படாது பிள்ளை." இடுப்பின் பின்புறத்தை நாங்கள் நாரி என்போம். கணவர் ஷிப்டில் மாட்டிக்கொண்டதால் மாமிதான் ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தார்.

மத்தியானத்துக்குள் என் வீரமெல்லாம் காற்றில் போய்விட்டது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு அந்த ஊசி வேணும்" என்றேன். மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மயக்க மருந்து டாக்டர் தமிழ்நாட்டுப் பெண். முதுகைப் பார்த்ததும், "யாருங்க இவ்ளோ எண்ணெய் தேச்சது?" என்று கேட்டார். அவர் துடைத்து, மருந்து பூசி, ஊசி வழியாக மெல்லிய குழாயொன்றை உள்ளே விட்டு, மேலே பிளாஸ்டர் ஒட்டினார். வலி அடங்கியது. கொஞ்ச நேரம் எனக்கு உலகத்தில் எல்லோரையும் பிடித்திருந்தது.

பிறகு வலி திரும்பி வந்தது, முன்னைவிட மோசமாக. டாக்டர் மறுபடி வந்து பார்த்தார். எண்ணெய்ப் பிசுக்கில் பிளாஸ்டர் கழன்று, குழாயும் வெளியே வந்திருந்தது.

"திரும்பவும் குத்தணும்மா. துளிகூட அசையக் கூடாது."

ஒருமுறை தப்பிவிட்டேன், இந்தமுறை தப்ப மாட்டேன் என்று உறுதியாகத் தோன்றியது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னால் ஒரு பஸ்கூட ஏற முடியாமல் போகப்போகிறது. மாமி மீது வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அவரோ துணியும் சோப்பும் கேட்டு வாங்கி, தானே என் நாரியைத் தேய்த்துக் கழுவினார். பிறகு முன்னால் வந்து என் தோள்களைப் பிடித்தார்.

"அசையாதை பிள்ளை. நான் பிடிச்சிருக்கிறன்."

இரண்டாவது ஊசி இறங்கி முடியும்வரை அவர் பிடியை விடவில்லை.

மகள் பின்னேரம் பிறந்தாள். என் கால்கள் இரண்டும் யாருடையவோ போலக் கிடந்தன. மருந்து இறங்கியதும் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். மாமி நம்பவில்லை. நானும் நம்பவில்லை. பேத்தியைத் தொட்டிலில் கிடத்திவிட்டு, அவர் என் காலடியில் உட்கார்ந்து பெருவிரலைக் கிள்ளினார்.

"தெரியுதோ?"

"இல்லை மாமி."

கிள்ளிக்கொண்டே இருந்தார். தொட்டிலில் குழந்தை அழத் தொடங்கியது. நாங்கள் இருவரும் என் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மாமி, நோகுது."

அவர் கையை எடுக்கவில்லை. இன்னும் ஒருமுறை கிள்ளினார்.

"நோகட்டும் பிள்ளை," என்று சொல்லி, என் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்.